பால் பல்லும் புரோபயாடிக் உணவும்

வாயில் வாழும் பாக்டீரியா, அது தின்னும் சர்க்கரை, இரண்டும் சேர்ந்து வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றும் கூடும்போது பற்சொத்தை உண்டாகிறது. குழந்தைகளின் பல்லைக் காக்கச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சர்க்கரையையும் நேரத்தையும் குறிவைப்பவை. இனிப்பைக் குறை, வாயைக் கொப்பளி, இரவில் பல் தேய் என்பவை எல்லாம் அந்த வகை. பாக்டீரியாவின் பக்கத்திலும் மாற்றம் கொண்டுவர முடியுமா, கெடுதல் செய்யும் பாக்டீரியா பிடித்திருக்கும் இடத்தில் தீங்கற்ற ஒன்றைப் புகுத்த முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் புரோபயாடிக் உணவுகள் பற்றிய பல் மருத்துவ ஆராய்ச்சி.

மனித வாயில் ஏறக்குறைய 700 வகை பாக்டீரியாக்கள் இனம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றால் தொல்லை இல்லை. சொத்தையோடு அதிகம் தொடர்புள்ளது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். பிரிட்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் 1924-ல் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சாதாரணச் சர்க்கரை கிடைத்தால் இது இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, சர்க்கரையிலிருந்து பசை போன்ற ஒரு பொருளைத் தயாரித்துப் பல்லின் மேல் ஒட்டிக்கொள்கிறது. காலையில் நாக்கால் தடவினால் பல்லில் வழவழவென்று தட்டுப்படும் படலத்தில் இந்தப் பசைக்கும் பங்குண்டு. இரண்டாவது, மிச்சச் சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது.

பள்ளிவிட்டு வந்த குழந்தை நான்கு மணிக்கு ஒரு மிட்டாய் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களுக்குள் அந்தப் படலத்தின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அமிலத்தை மெல்ல மெல்லக் கழுவி, இழந்த தாதுக்களைத் திருப்பித் தருகிறது. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நாலரைக்கு ஒரு பிஸ்கட், ஐந்தேகாலுக்குச் சர்க்கரை போட்ட பால், ஆறு மணிக்கு மீண்டும் ஒரு மிட்டாய் என்று போனால், பழுது பார்க்க உமிழ்நீருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் இதனால்தான் முக்கியமாகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும். சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் முதலில் பழுதாவதற்குக் காரணம் அதுவே.

பால் பல் விழுந்து வேறு பல் முளைக்கத்தானே போகிறது என்ற நினைப்பு பல வீடுகளில் இருக்கிறது. அந்த நினைப்பு குழந்தைக்குப் பெரிய கேடு செய்கிறது. இருபது பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அடுத்து வரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவைதான். அவற்றின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை சீக்கிரமே பல்லின் கூழ் வரை இறங்கிவிடும். வலியால் சாப்பிடாத குழந்தைக்கு எடை ஏறாது, தூக்கமும் கெடும். இந்தியாவில் 2002-03-ல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. சிகிச்சை பெறாத பால் பல் சொத்தை உலகெங்கும் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

பிறக்கும்போது குழந்தையின் வாயில் மியூட்டன்ஸ் இருப்பதில்லை. பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகவே வந்து சேர்கிறது. ஊட்டும் முன் கரண்டியில் ருசி பார்ப்பது, கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பது, பழத்தைக் கடித்துத் துண்டாக்கித் தருவது எல்லாம் அதற்கான வழிகள். கடைவாய்ப் பற்கள் முளைக்கும் பருவமான 19 முதல் 31 மாதங்களுக்குள் இந்தக் குடியேற்றம் அதிகம் நிகழ்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1993-ல் காட்டினார்கள். எவ்வளவு தாமதமாக மியூட்டன்ஸ் வந்து சேர்கிறதோ, சொத்தைக்கான வாய்ப்பும் அவ்வளவு குறைகிறது. அப்படியானால், மியூட்டன்ஸ் வேரூன்றுமுன் நல்ல பாக்டீரியாவைக் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

புளித்த பாலில் உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதை அறிவியல் மேடையில் வலியுறுத்தியவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய, 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோஃப். இன்று வழங்கும் வரையறை, உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூட்டிய நிபுணர் குழு தந்தது. போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்கிறது அது. உயிருடன் இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், நலம் தருவதாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் கடந்துவரும் உணவுகள் கடைவீதியில் பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

வாய்க்குள் இவை எப்படி உதவக்கூடும்? பல்லிலும் நாக்கிலும் ஒட்டும் இடத்துக்காகவும் உணவுக்காகவும் மியூட்டன்ஸுடன் போட்டியிடலாம். அதைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கலாம்; லாக்டோபாசில்லஸ் ராய்ட்டெரி சுரக்கும் ராய்ட்டரின் அப்படிப்பட்ட ஒன்று. குடலை அடைந்தபின் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டி, சுற்றுவழியில் ஈறுகளுக்கும் பயன் தரலாம். இவற்றில் பல, ஆய்வகக் கண்ணாடித் தட்டில் தெளிவாகத் தெரிபவை. குழந்தையின் வாயிலும் அப்படியே நடக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிச் சோதித்தவற்றில் இன்றும் பேசப்படுவது பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு. நகராட்சி நடத்தும் 18 பகல்நேரக் காப்பகங்களில் 1 முதல் 6 வயது வரையிலான 594 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள், உணவோடு ஒரு பிரிவினருக்குச் சாதாரணப் பால் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஜி. என்ற பாக்டீரியா சேர்த்த பால். எந்தக் குழந்தை எந்தப் பாலைக் குடிக்கிறது என்பது குழந்தைகளுக்கும் தெரியாது, பல்லைப் பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது. ஏழு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, புரோபயாடிக் பால் குடித்தவர்களிடம் மியூட்டன்ஸ் எண்ணிக்கையும் சொத்தையும் குறைவாக இருந்தன. 3, 4 வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

இந்த ஆய்வுக்கு ஏன் அந்தப் பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கோர்பாக், கோல்டின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களில் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்த ரகம் அது, ஜி.ஜி. என்பது அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள். லாக்டோபாசில்லஸ் குடும்பத்தைச் சேர்ந்த பல ரகங்கள் தாங்களே அமிலம் சுரப்பவை. ஆழமான சொத்தைக் குழிகளில் அவை மிகுதியாகக் காணப்படுவதால், ஒரு காலத்தில் உமிழ்நீரில் அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டே சொத்தை அபாயத்தைக் கணித்தார்கள். பல்லுக்கு உதவும் என்று கொடுப்பது பல்லைக் கெடுப்பதாக முடியக்கூடாது அல்லவா? ஜி.ஜி. ரகம் சாதாரணச் சர்க்கரையையும் பால் சர்க்கரையையும் புளிக்கவைக்காது. அந்த ஒரு குணத்தால்தான் குழந்தைகளின் வாய்க்குள் துணிந்து அனுப்ப முடிந்தது. நெல் என்று சொன்னால் போதாமல் எந்த ரகம் என்று விவசாயி கேட்பதுபோல, புரோபயாடிக் என்றாலும் எந்த ரகம் என்று கேட்டாக வேண்டும். ஒரு ரகத்துக்குக் கிடைத்த பலனை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்வதற்கு இடமில்லை.

வடக்கு சுவீடனில் 1 முதல் 5 வயது வரையிலான 248 குழந்தைகளுக்கு 21 மாதங்கள் மதிய உணவோடு 150 மி.லி. பால் கொடுத்தார்கள். அதில் மில்லி லிட்டருக்கு ஒரு கோடி வீதம் வேறொரு ரம்னோசஸ் ரகமும், லிட்டருக்கு 2.5 மி.கி. ஃபுளோரைடும் கலந்திருந்தன. 2009-ல் வெளியான முடிவின்படி, சாதாரணப் பால் குடித்தவர்களோடு ஒப்பிட்டால் சொத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பிரமிக்க வைக்கும் பலன்தான். ஆனால் அது பாக்டீரியாவால் வந்ததா, ஃபுளோரைடால் வந்ததா, இரண்டாலுமா என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வு இடம் தரவில்லை. சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் 2, 3 வயதுக் குழந்தைகளிடம் பத்து மாதங்கள் நடந்த சோதனையில் ஃபுளோரைடு சேர்க்கவில்லை. அங்கே சாதாரணப் பால் குடித்தவர்களில் ஏறத்தாழ 24 சதவீதத்தினருக்குப் புதிதாகக் குழி விழுந்தது. புரோபயாடிக் பால் குடித்தவர்களில் அது 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

ராய்ட்டெரி ரகம் ஒன்றைப் பேறுகாலத்தின் கடைசி மாதத்தில் தாய்க்கும், பிறந்தபின் ஓராண்டு குழந்தைக்கும் சொட்டு மருந்தாகக் கொடுத்த இன்னொரு சுவீடன் ஆய்வு அந்தக் குழந்தைகளை 9 வயதில் மறுபடியும் பார்த்தது. ராய்ட்டெரி பெற்றவர்களில் 82 சதவீதத்தினருக்குப் பால் பற்களில் சொத்தையே இல்லை. வெறும் சொட்டு பெற்றவர்களில் 58 சதவீதம். மாறாக, 4 முதல் 13 மாதம் வரை கஞ்சியில் பாராகேசி என்ற வேறொரு வகையைச் சேர்த்துக் கொடுத்து 9 வயதில் பார்த்த ஆய்வில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வயதும் நாடும் ஏறத்தாழ ஒன்று, பாக்டீரியாதான் வேறு.

கொடுப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலான புரோபயாடிக் பாக்டீரியாக்கள் வாயில் நிலையாகக் குடியிருப்பதில்லை. சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ உமிழ்நீரிலிருந்து மறைந்துவிடுகின்றன. இந்தியாவில் 6 முதல் 12 வயது வரையிலான 60 குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையில், ஏழு நாள் புரோபயாடிக் ஐஸ்கிரீம் சாப்பிட்டதும் மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைந்தது; ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய நிலையை நெருங்கியிருந்தது. ஆகவே ஒரு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்துவதால் பயனில்லை. மியூட்டன்ஸ் குறைவதும் சொத்தை குறைவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில நாள் நடந்து, உமிழ்நீரில் பாக்டீரியாவை எண்ணி முடித்த ஆய்வுகள் ஏராளம். மாதக்கணக்கில் காத்திருந்து பல்லில் குழி விழுந்ததா என்று பார்த்தவை சிலவே.

குடலிலிருந்து வந்த பாக்டீரியாவை விட்டுவிட்டு, வாயிலேயே பிறந்து வளர்ந்ததைத் தேடியவர் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாக். நாக்கில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸின் கே12, எம்18 என்ற இரண்டு ரகங்கள் அவருடைய ஆய்விலிருந்து வந்தவை. கே12 தொண்டைத் தொற்றுக்கும் வாய் துர்நாற்றத்துக்கும் எதிராகப் பயன்படுகிறது. எம்18 சப்பும் மாத்திரையை மூன்று மாதம் எடுத்துக்கொண்ட, சொத்தை உள்ள குழந்தைகளிடம் பற்படலம் குறைந்தது.

கைக்கெட்டிய சான்றுகளை எல்லாம் திரட்டி 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சொத்தையைத் தடுக்கப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் போதாது, ஈறு நோய்களில் அதன் உதவிக்கு ஆதாரம் சற்றுக் கூடுதல் என்று முடித்தது. இந்த நிதானம் நியாயமானது. நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. ஃபுளோரைடு பற்பசைக்குப் பின்னால் இருக்கும் பல பத்தாண்டுச் சான்றுக்கு அவை இன்னும் ஈடாகவில்லை.

தமிழர் வீட்டுச் சமையலறையில் புளிக்கவைத்த உணவுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாமே உயிருள்ள பாக்டீரியாவோடு குழந்தையின் வாயை அடைவதில்லை. இட்லி மாவை உப்பவைப்பது லூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். ஆவியில் வெந்ததும் அவை இறந்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவு, புரோபயாடிக் அல்ல. கொதிக்கவைத்த மோர்க்குழம்பும் அப்படியே. இரவு முழுதும் நீரில் ஊறிய பழைய சோற்றிலும் நீராகாரத்திலும் பாக்டீரியா உயிரோடிருக்கும். பல்லோடு அவற்றை இணைத்துச் சொல்ல வலுவான சான்று இல்லை.

மிஞ்சி நிற்பது தயிரும் மோரும். வீட்டில் உறை ஊற்றும் தயிரில் எந்தெந்தப் பாக்டீரியா, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். முந்தைய நாள் தயிர், பாலின் சூடு, பருவநிலை எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் கண்டிப்பான வரையறையின்படி அதைப் புரோபயாடிக் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பல்லுக்கு அது நல்ல உணவு என்பதற்குப் பாக்டீரியாவைச் சாராத வலுவான காரணங்கள் உண்டு. புளித்த தயிர் பல்லை அரிக்குமோ என்று சிலர் தயங்குவார்கள். தயிரின் பி.எச். 4 முதல் 4.5 வரை இருப்பது உண்மைதான். அதே அளவு புளிப்புள்ள குளிர்பானம் எனாமலைக் கரைக்கிறது, தயிர் கரைப்பதில்லை. தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே நிறைந்து கிடப்பதால், பல்லிலிருந்து மேலும் அவை கரைந்து வெளியேற இடமில்லை. பாலின் கேசின் புரதம் பல்லின் மேல் படிந்து காக்கவும் செய்கிறது. ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் 3 வயதான இரண்டாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது, அடிக்கடி தயிர் சாப்பிட்டவர்களிடம் சொத்தை குறைவாக இருந்தது. தயிர் சாப்பிடும் வீடுகளில் மற்றப் பழக்கங்களும் நன்றாக இருந்திருக்கலாம் என்பதால், தயிர்தான் காரணம் என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது.

சாப்பாட்டைத் தயிர்சோற்றில் முடிக்கும் வழக்கம் இந்த வகையில் பல்லுக்கு உகந்தது. சர்க்கரை தூவிய தயிர், லஸ்ஸி, பழக்கூழ் கலந்த கடைத் தயிர் ஆகியவை வேறு கணக்கு. புரோபயாடிக் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுக் குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் சிறு பாட்டில் பானங்கள் பலவற்றில் புளிப்பை மறைக்கச் சர்க்கரை கணிசமாகச் சேர்க்கப்படுகிறது. பாட்டிலின் பின்புறம் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். 4 கிராம் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நல்ல பாக்டீரியாவையும் மியூட்டன்ஸுக்கான தீனியையும் ஒரே மடக்கில் குழந்தைக்குக் கொடுப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காததை, பாக்டீரியாவின் முழுப் பெயரும் உயிருள்ள எண்ணிக்கையும் அச்சிட்டதை வாங்கலாம். கடையில் அது குளிர்பெட்டிக்குள் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கிய குழந்தைக்குப் புளிக்காத வீட்டுத் தயிரைச் சிறிது சிறிதாக ஊட்டலாம். பிற்பகல் பசிக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிரோ, உப்பு அதிகமில்லாத மோரோ கொடுத்தால் ஒரு சர்க்கரைத் தாக்குதல் தவிர்கிறது. பாக்டீரியாவால் வரும் பலன் எவ்வளவானாலும் இந்தப் பலன் உறுதி. ஆனால் தயிர்சோறும் சோறுதான். இரவு சாப்பிட்டபின் பல் தேய்க்காமல் தூங்கப் போகக்கூடாது. முதல் பல் முளைத்ததிலிருந்தே 1000 பி.பி.எம். ஃபுளோரைடுள்ள பற்பசையை, 3 வயது வரை அரிசி மணி அளவும் அதன்பின் 6 வயது வரை பட்டாணி அளவும் எடுத்து, பெரியவர்கள் கையாலேயே தேய்த்துவிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களில் வசிப்பவர்கள் பல் மருத்துவரைக் கேட்டு இதை முடிவு செய்வது நல்லது.

புரோபயாடிக் மாத்திரை, சொட்டு மருந்து, பொடி ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குத் தரக்கூடாது. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு இவை பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரிடம் இதே பாக்டீரியா இரத்தத்தில் கலந்து ஆபத்தை உண்டாக்கக்கூடும். புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று இறந்ததையடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-ல் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிரும் ஆகாது.

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் சொத்தையின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். ஈறை ஒட்டி, முன்பற்களின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் எனாமல் தாது இழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால், வீட்டில் இனிப்பும் இரவுப் பாட்டிலும் நின்றால், பல் பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்புண்டு. கோடு பழுப்பாகிக் குழி விழுந்தபின் தயிரோ மோரோ மாத்திரையோ அந்தக் குழியை மூடாது. அதை அடைக்க வேண்டும், அல்லது சொத்தையை நிறுத்தும் வெள்ளி ஃபுளோரைடு திரவத்தைப் பூச வேண்டும். பூசிய இடம் கறுத்துவிடும் என்றாலும் ஊசியும் துளையிடலும் தேவைப்படாததால், நாற்காலியில் அமைதியாக உட்கார முடியாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இந்த முறையைப் பல் மருத்துவர்கள் இப்போது அதிகம் கையாள்கிறார்கள்.